சொல்லமாட்டேன் என்று எழுதிய பெண்

வித்யா போன் செய்தபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கை ஈரம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசினேன். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் கல்லூரியின் ஆங்கிலத் துறைக்கு அவள்தான் தலைவி.

"மேடம், இனிமே கேம்ப்பே கிடையாதாம். பேப்பர் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல ஏத்திருவாங்க. அவங்கவங்க காலேஜ்லயே உக்காந்து மார்க் போட வேண்டியதுதான். நீங்க பழைய கேம்ப் பத்தி நம்ம துறை மலருக்கு ஜாலியா ரெண்டு பக்கம் எழுதித் தாங்களேன்."

கேம்ப் என்றால் விடைத்தாள் திருத்தும் முகாம். பல ஊர்க் கல்லூரிகளின் தாள்களைத் திண்டுக்கல்லில் ஒரே மண்டபத்தில் குவித்து, நாங்கள் வரிசையாக உட்கார்ந்து திருத்துவோம். ஜாலிக்குக் குறைவில்லை. ஒரு பையன் விடைக்குப் பதிலாகச் சாம்பார் வைப்பது எப்படி என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் சிரித்த சிரிப்பில் பியூன் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். அதையெல்லாம் வைத்து வித்யா கேட்டபடி எழுதியும் முடித்தேன். அதற்குப் பிறகு ஒரு கல்யாணத்துக்கு வத்தலக்குண்டு போய்வந்தேன். வந்ததும் எழுதியதைக் கிழித்துப் போட்டேன். இது வேறு. மலருக்கு ஆகுமா ஆகாதா என்பதை வித்யா முடிவு செய்யட்டும்.

நான் ஆங்கிலம் சொல்லித்தர வந்தது பெரிய கதை ஒன்றும் இல்லை. அத்தாவுக்குத் தோல் மண்டியில் வியாபாரம். அங்கே இருவர் கை மேலும் துண்டைப் போட்டுக்கொண்டு, அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், வாயே திறக்கமாட்டார்கள். வீட்டில் நான் மட்டும்தான் ஓயாமல் பேசுகிறவள். "இது வாய்க்கு வக்கீலுக்குத்தான் படிக்கணும்" என்பார் அத்தா. வக்கீல் படிப்புக்கு வெளியூர் அனுப்பத் தயங்கினார்கள். உள்ளூரில் பி.ஏ. ஆங்கிலம் இருந்தது. அப்புறம் மதுரையில் எம்.ஏ., அப்புறம் வேலை. அவ்வளவுதான்.

வக்கீல் ஆசை எனக்கு வேறு வழியில் தீர்ந்தது. நான் வேலை பார்த்த கல்லூரியில் பி.ஏ. இரண்டாம் ஆண்டில் 'ரெட்டரிக்' என்று ஒரு தாள் உண்டு. கேட்கிறவர் மனதை மாற்றும்படி பேசுவது எப்படி, எழுதுவது எப்படி, அடுத்தவர் எழுத்தில் அந்த உத்திகளைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் பாடம். மற்ற ஆசிரியர்கள் அதை நடத்தப் பயந்தார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எதிராளி சொல்லப்போகும் குறையை நாமே முந்திக்கொண்டு ஒப்புக்கொள்வது ஓர் உத்தி. பதிலை எதிர்பார்க்காமல் கேள்வி கேட்பது ஓர் உத்தி. எனக்குப் பிடித்தது இன்னொன்று. கல்யாணப் பந்தியில் ஒருவர் எழுந்து, "மாப்பிள்ளையோட அண்ணன் கடனுக்குப் பயந்து ஊரை விட்டு ஓடுனதப் பத்தி நான் இங்க பேசப்போறதில்ல" என்று சொன்னால் பந்தி முழுக்கத் தெரிந்துவிடும் அல்லவா? சொல்லமாட்டேன் என்று சொல்லியே சொல்லிவிடுவது. இதற்கு நீளமாக ஒரு கிரேக்கப் பெயர் உண்டு. பிள்ளைகள் அதை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

பெரும்பாலான கல்லூரிகளில் இந்தப் பெயர்களைத்தான் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். பெயர், விளக்கம், ஓர் உதாரணம். கேட்டால் ஒப்பிப்பார்கள், ஒரு மேடைப் பேச்சைக் கையில் கொடுத்து இதில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் முழிப்பார்கள். எனக்கு அது பொறுக்காது. பாடக்குழுவில் இருந்தபோது எல்லாக் கல்லூரிகளுக்கும் போகும் வழிகாட்டிக் கையேட்டை எழுதும் வேலை என்னிடம் வந்தது. அதன் முதல் வரியை இப்படி எழுதினேன்: 'எழுதத் தொடங்குமுன் இதை உண்மையிலேயே யார் படிக்கப்போகிறார் என்று பார், அவரிடம் பேசு.' அந்த வரியைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமை.

இனி ராஜமாணிக்கம் சார். எங்கள் கேம்ப்பின் தலைமைத் தேர்வாளர். பழனிப் பக்கத்து ஆள். பியூனைக்கூட 'ங்க' போட்டுத்தான் கூப்பிடுவார். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் பச்சை மைப் பேனா. நாங்கள் சிவப்பில் திருத்துவோம். அவர் ஒவ்வொரு கட்டிலிருந்தும் சில தாள்களை உருவி, பச்சையில் மறுபடி பார்ப்பார். கட்டு அவர் மேசைக்கு வந்ததும் முதலில் நான்கு பக்கமும் தட்டித் தட்டி ஓரம் சமமாக்குவார். ஒரு தாள்கூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அப்புறம்தான் படிப்பார். மார்க்கைக் குறைக்க வேண்டுமென்றால் தாமாகக் குறைக்கமாட்டார். திருத்தியவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு, "ஏனுங்க மேடம், இதுக்கு இவ்வளவு வேணுங்களா?" என்று கேட்பார். எத்தனையோ முறை என்னைக் கூப்பிட்டிருக்கிறார். பாதி முறை நான் ஜெயித்திருக்கிறேன்.

முகாம் தொடங்கும் காலையில் விதிமுறைத் தாளை முதலிலிருந்து கடைசி வரை வாசிப்பார். எல்லோருக்கும் தெரிந்த விதிகள்தான். நாங்கள் பேனா மூடியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அதில் ஒன்று: தேர்வர் தாம் யார், எந்த ஊர் என்று தெரிவித்தாலோ, தேர்வாளரிடம் முறையிட்டாலோ, அந்தத் தாளுக்கு மார்க் போடாமல் தனி உறையில் வைத்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். காரணம் இல்லாத விதி இல்லை. 'ஐயா, எனக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது, பாஸ் போடுங்கள்' என்று எழுதுவார்கள். ரூபாய் நோட்டைக் குண்டூசியால் குத்தி வைப்பார்கள். தாளின் உச்சியில் பிள்ளையார் சுழி போடுவதும், எங்கள் ஆட்கள் 786 போடுவதும்கூட விதிப்படி அடையாளக் குறிதான். அதற்கு மட்டும் சார் கண்ணை மூடிக்கொள்வார். "அதுக்கெல்லாம் உறை போட்டா உறை பத்தாதுங்க" என்பார்.

அந்த வருடத்துக் கேள்வி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 'உங்கள் மேல் அதிகாரம் உள்ள ஒருவர் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்ளும்படி கடிதம் எழுதுக. கையாண்ட உத்திகளின் பெயரை ஓரத்தில் குறிப்பிடுக.' எல்லோரும் கலெக்டருக்குத்தான் எழுதியிருந்தார்கள். குடிநீர் வரவில்லை, பஸ் நிற்கவில்லை. படித்துப் படித்து எனக்குக் கொட்டாவி வந்தது. அப்போதுதான் அந்தத் தாள் வந்தது. ஆங்கிலத்தில் பிழை நிறைய. பொருளைத் தமிழில் சொல்கிறேன்.

'இந்தத் தாளைக் கையில் வைத்திருப்பவருக்கு. உங்கள் முகம் எனக்குத் தெரியாது, என் பெயர் உங்களுக்குத் தெரியாது. ஆனாலும் இந்த நிமிடம் என் மேல் அதிகாரம் உள்ள ஒரே ஆள் நீங்கள்தான். கலெக்டருக்கு எழுதலாம், அவர் இதைப் படிக்கப்போவதில்லை. நீங்கள் களைத்திருக்கிறீர்கள். என் ஆங்கிலத்தில் பிழைகள் இருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். சேவுகம்பட்டியில் எங்கள் தோப்பில் டிராக்டர் ஏறி என் அப்பாவின் வலது கால் போனதை நான் சொல்லமாட்டேன். அவர் ஊன்றுகோலோடு வரப்பில் நடப்பதை மகள் நான் பார்த்து நிற்பதையும் சொல்லமாட்டேன். இரக்கத்தைக் கேட்டு வாங்க எனக்குப் பிடிக்காது. நான் கேட்பது ஒன்றுதான். பெயர்களை மனப்பாடம் செய்தவர்களுக்கு மார்க் போடும் வழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.'

ஓரத்தில் ஒவ்வொரு உத்தியின் பெயரும் இருந்தது. அந்தக் கிரேக்கப் பெயரும் இருந்தது, ஓர் எழுத்து தப்பாக.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு அதுவரை யாருக்கும் போடாத மார்க்கைப் போட்டேன். அந்தக் கட்டை நானே சாரிடம் எடுத்துப் போனேன். அவர் உருவினால் உருவட்டும், உருவாவிட்டாலும் காட்டிவிட வேண்டும் என்று அவ்வளவு ஆசை. அவர் ஓரம் தட்டினார். நான் அந்தத் தாளை எடுத்துத் திறந்து வைத்தேன்.

இரண்டு முறை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"நல்லா எழுதியிருக்குதுங்க" என்றார். பிறகு, "ஆனா இது உறைக்குப் போகணுங்களே" என்றார்.

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். "சார், கேள்வி என்ன? அதிகாரம் உள்ளவருக்கு எழுதச் சொல்லிருக்கு. அந்தப் பிள்ளைக்கு முன்னாடி இருக்குற அதிகாரம் நம்மதான. பாடத்தப் புரிஞ்சு எழுதிருக்கு சார்."

"தேர்வாளருக்கு எழுதுன்னு கேள்வியில இல்லைங்களே மேடம். ஊர்ப் பேரு வேற இருக்குது."

"பிள்ளையார் சுழிக்கும் 786-க்கும் கண்ண மூடிக்கிறீங்கள்ல?"

"அது சாமிகிட்டக் கேக்குறதுங்க. இது நம்மகிட்ட."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அக்கம்பக்கத்து மேசைகளில் பேனாக்கள் நின்றுவிட்டன. நான் விடவில்லை. "மத்தவங்க முறையிட்டா பாஸ் போடுன்னு கேப்பாங்க. இது மார்க்கே கேக்கல சார். வழக்கத்த மாத்துன்னு கேக்குது" என்றேன்.

சார் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பச்சைப் பேனாவின் மூடியைத் திறந்து மூடினார். இன்னும் ஓர் அடிதான் என்று எனக்குத் தெரிந்தது. இவ்வளவு வருடம் பேசிப் பேசிப் பழகிய வாய், அந்த ஓர் அடியையும் வைத்தது.

"பாவம் சார். அப்பனுக்குக் கால் இல்ல. வரப்புல கம்ப ஊனிக்கிட்டு நடக்குறாரு. அந்த வீட்டுல இருந்து ஒரு பொம்பளப் பிள்ள இம்புட்டுத் தூரம் படிச்சு வந்திருக்கு. அதப் போயி உறையில போடுவீங்களா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பாத்தீங்களா மேடம்" என்றார் மெதுவாக. "இத்தன வருசம் இதச் சொல்லிக்கொடுத்த உங்களுக்கே பாவம்னு தோணிருச்சு. அப்ப அது முறையீடுதானுங்களே?"

அவர் என்னை மடக்கச் சொன்னதாக நினைக்கவில்லை, அவர் அப்படிப்பட்டவரில்லை. "சுமாரா எழுதியிருந்தா அந்தக் கேள்விய மட்டும் அடிச்சுட்டு விட்டுருப்பேனுங்க. இத விட்டா அடுத்த வருசம் எல்லாரும் ஓரத்துல ஒரு உத்தி பேர எழுதி வெச்சு நம்மகிட்ட அழுவாங்க" என்றார். பிறகு, "நீங்க ஒரு குறிப்பு எழுதிக் குடுங்க. உறைக்குள்ள நானே சேத்து வெக்கிறேன்" என்றார். சேர்த்தும் வைத்தார். அன்று மதியம் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். அதிலும் அந்த அப்பாவின் காலைத்தான் முன்னால் வைத்தேன்.

அடுத்த முகாமில் சாரே வந்து சொன்னார். மதுரைப் பல்கலைக்கழகத்தில் விசாரணை என்று கூப்பிட்டுக் கடிதம் போயிருக்கிறது. அந்தப் பெண் வரவில்லை. வராதவர் தாளில் குறிப்பையெல்லாம் படிக்கமாட்டார்களாம். இரண்டு பருவம் தேர்வு எழுதத் தடை. "வந்திருந்தா நானே பேசலாம்னுதான் இருந்தேனுங்க" என்றார். அவர் குரலில் இருந்த வருத்தம் நடிப்பில்லை. சில வருடங்களில் அவர் ஓய்வு பெற்றார், இப்போது இல்லை.

ஏன் வரவில்லை என்று நான் யோசிக்காத நாள் குறைவு. கால் இல்லாத அப்பன் எப்படி மதுரைக்குக் கூட்டிப் போவான், துணைக்கு யாரும் இருந்திருக்கமாட்டார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். தேடிப் போகவும் வழியில்லை. தேர்வாளர் தேர்வரைத் தேடிப் போனால் அது தனிக் குற்றம், அவளுக்கும் கெடுதல். கையேட்டின் அடுத்த பதிப்பில் என் முதல் வரியை எடுத்துவிட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு விதி ஏது? வத்தலக்குண்டில் என் நாத்தனார் மகள் நிக்காஹ் முடிந்து கிளம்பும்போது ஆட்டோக்காரரிடம், "தம்பி, சேவுகம்பட்டி பக்கந்தான?" என்று கேட்டேன். வித்யா பழைய கேம்ப்பைக் கிளறிவிட்டதால் வந்த வினை. "இந்தா இருக்கும்மா, செத்த நேரத்துல போயிரலாம்" என்றார்.

டீக்கடையில் விசாரித்தேன். இங்கிலீஷ் பி.ஏ. படித்த பெண், அப்பாவுக்கு ஒரு கால் இல்லை. கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"இங்கிலீசு படிச்சதுன்னா பெருமாளு மகதான். ஆனா அவருக்குக் காலு நல்லாத்தான இருக்கு?"

தோப்பைக் காட்டினார்கள். யாரையும் காணவில்லை. "பெருமாள் அண்ணே" என்று ஆட்டோக்காரர் குரல் கொடுத்தார். பதில் மேலேயிருந்து வந்தது.

"யாரு? இருங்க, இந்தா வாரேன்."

தென்னை மரத்தின் உச்சியிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். என் வயதுதான் இருக்கும். இரண்டு காலையும் மாற்றி மாற்றி வைத்து, அவசரமில்லாமல் இறங்கினார். நான் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் யார் என்று சொன்னேன். மகளைப் பற்றிக் கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"ராணியா? அது ஒட்டன்சத்திரத்துல கட்டிக்குடுத்து ரெண்டு பிள்ளைக இருக்கு. படிப்பு பாதியில நின்னு போச்சுங்கம்மா. பரிச்சையில காப்பி அடிச்சுப் பிடிபட்டுருச்சு."

"காப்பியா? யார் சொன்னா?"

"யுனிவர்சிட்டில இருந்து லெட்டர் வந்துச்சே. முறைகேடு, விசாரணைக்கு வான்னு. பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயி அங்க நாலு பேருக்கு முன்னாடி தலையக் குனிஞ்சு நிக்கவான்னு, நான் அனுப்பல. அந்தத் தையிலயே கல்யாணத்த முடிச்சு விட்டேன்."

அவள் எழுதியதை நான் சொன்னேன். வரி வரியாக எனக்கு மனப்பாடம். டிராக்டரும் ஊன்றுகோலும் வந்தபோது அவர் சிரித்துவிட்டார்.

"எனக்குக் காலு போச்சுன்னா எழுதிச்சு? கழுத."

சிரிப்பு பாதியில் நின்றது. எனக்கும் அந்த நேரத்தில்தான் முழுக்கப் புரிந்தது. கால் போனதே கற்பனை. பாடத்தில் படித்த உத்திக்கு அவள் செய்துகொண்ட உதாரணம், அவ்வளவுதான். இந்த மனிதர் தம் இரண்டு காலில் நடந்து அந்த விசாரணை அறைக்குள் நுழைந்திருந்தால் போதும். அது முறையீடு இல்லை, விடைதான் என்று அங்கேயே முடிந்திருக்கும். கால் போனதை நிஜம் என்று நம்பி, அதற்காக மன்றாடி, முறையீடு என்று ஆக்கிக்கொடுத்தது நான். சொல்லமாட்டேன் என்பதை நம்பாதே என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன். பக்கத்திலிருந்த மோட்டார் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்ப அது காப்பி அடிக்கல?" என்றார் பெருமாள்.

"அடிக்கலங்க. அந்த வருசம் நான் திருத்துனதுலயே அதுதான் நல்ல தாள்."

அவர் இடுப்புத் துணியில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். பிறகு சட்டையைத் தேடிப் பையிலிருந்து போனை எடுத்து, எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். எதிர்ப்பக்கம் காய்கறிக் கடையின் சத்தம் கேட்டது. யாரோ தக்காளிக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆத்தா ராணி. உன் பரிச்சப் பேப்பரத் திருத்துன டீச்சர் வந்திருக்காங்க. நீ காப்பி அடிக்கலன்னு சொல்றாங்கத்தா."

அழுகையோ கோபமோ இல்லாமல், சாதாரணமாக அவள் குரல் வந்தது.

"அதத்தானப்பா நானும் அன்னைக்குச் சொன்னேன்."

அவர் போனை என் பக்கம் நீட்டினார். ஆயுள் முழுக்கப் பேசியே பிழைத்த நான் அதை வாங்கி, அவள் பேசட்டும் என்று காதில் வைத்துக்கொண்டேன்.